எண்பத்தெட்டாம் எண்ணின் மகள்

எங்கள் துறைக்கு வந்து ரப்பர் அக்கா எங்கே என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் கை காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பெயரை வைத்தது நான். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஆனால் வாய் மட்டும் நீளம். இருபத்தாறு வருடம் ஆகியும் அது குறைந்தபாடில்லை.

சமூகவியல் துறையின் இரண்டாவது மாடியில், படி ஏறியதும் இடது கைப்பக்கம் இருக்கும் முதல் அறை எங்களுடையது. அவளுக்கு ஜன்னலோர மேசை, எனக்குக் கதவோர மேசை. நான் அலுவலக எழுத்தர். விடுப்புப் பதிவேடு, கடிதம், அலமாரிச் சாவி, பேராசிரியர்களின் முன்கோபம் எல்லாம் என் பொறுப்பு. அவளுடைய வேலை பதிவெழுதுவது. ஆராய்ச்சிக்காக யாரையாவது பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்து கொண்டுவந்தால், அதைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பேசுபவர் இருமினால் அடைப்புக்குள் (இருமல்) என்று போட வேண்டும், அழுதால் (அழுகை). ஐந்து விநாடிக்கு மேல் பேசாமல் இருந்தால் (மௌனம்).

இது பாதி வேலை. ரப்பர் என்ற பெயர் வந்தது மீதி பாதியால். தட்டச்சு முடிந்ததும், பேசியவர் இன்னார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்ய வேண்டும். பெயருக்குப் பதில் எண் வரும். ஊருக்குப் பதில் 'ஒரு நகரம்' வரும். அதுவும் போதாது என்று பட்டால், ஆராய்ச்சிக்குத் தேவையில்லாத விவரங்களை மாற்றியே எழுதிவிடலாம். கொல்லரைத் தச்சராக்கலாம், மூன்று பிள்ளைகளை இரண்டாக்கலாம். விதியில் அதற்கு இடம் உண்டு. பேசுகிறவர்களில் பாதிப் பேர் ஒழுங்கான காகிதம் இல்லாமல் இந்த நாட்டில் இருப்பவர்கள், அவர்கள் எங்களால் மாட்டிக்கொள்ளக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு பெயர்ப் பட்டியலைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்துக்குள் விட்டு, ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும்.

ஒருமுறை பேட்டி கொடுத்த ஆளே நேரில் வந்து, தான் பேசியதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். யார் என்ன எண் என்ற பட்டியல் அதற்குள் போய்விட்டது. அவர் பேசிய மாதத்துப் பேட்டிகள் மூன்றைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றையும் முழுதாகப் படித்தார். "இதுல எதுவும் நான் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடுவில் இருந்தது அவருடையதுதான் என்று அக்கா பிறகு சொன்னாள். அன்று மாலையே ரப்பர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

அக்கா பதிவெழுதியதெல்லாம் பெரும்பாலும் ஒரே பேராசிரியருக்குத்தான். நாங்கள் மேடம் என்போம். ஓய்வு பெற்ற பிறகும் அறையைக் காலி செய்யாதவர், செய்யச் சொல்ல யாருக்கும் தைரியமும் இல்லை. நாடு, குடியுரிமை, ஒருவருக்கு ஓர் இடம் எப்போது சொந்தமாகிறது, யார் அதை முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. கதவைத் திறந்து விடுவதும் வீட்டு ஆளாக நினைப்பதும் ஒன்றல்ல என்பதை அறுநூறு பக்கத்தில் எழுதிப் பெரும் புகழ் பெற்றார். எந்த ஆராய்ச்சியானாலும் அதே இருபது கேள்விகள்தான் கேட்பார். பதினான்காவது கேள்வி முக்கியமானது: "இந்த நாட்டை உங்க நாடுன்னு சொல்லுவீங்களா?" அந்தக் கேள்விக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் சொன்ன பதிலை அக்கா தட்டச்சு செய்திருக்கிறாள். அவளை ஒருவரும் கேட்டதில்லை, நானும்தான்.

போன வருடம் ஒரு புதிய சட்டம் வந்தது. அரசாங்கம் நாற்பது வருடம் பின்னால் போய் ஒரு தேதியைக் குறித்தது. அந்தத் தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டுகிறவர்கள் எல்லோரும் குடிமக்கள். காட்ட முடியாதவர்கள் தற்காலிகக் குடியிருப்பாளர்கள். மாதம் ஒருமுறை போய்க் கையெழுத்துப் போட வேண்டும், நிரந்தர வேலையில் இருக்கவும் முடியாது. எல்லா ஊழியர்களும் ஆதாரம் கொடுக்க வேண்டும் என்று பதிவாளரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. நான்தான் அறை அறையாகக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். ஜன்னலோர மேசைக்குப் போனதும் அக்கா காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"தேதி என்னன்னு போட்டிருக்கு?"

சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.

அவள் பிறந்தது வேறு நாட்டில். ஐந்து வயதில் அப்பாவின் தோளில் ஏறி இங்கே வந்தவள். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்பா ஒரு சலவைக் கடையின் பின்கட்டில் இஸ்திரி போட்டார். மீந்த துணியை வீட்டுக்கு எடுத்துவந்தும் போட்டார். வாடகை வீடு வேறு யாரோ பெயரில் இருந்தது, கடையில் கூலிக்கு ரசீது கிடையாது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறும்போது அவளுக்கு ஒன்பதரை வயது. அரசாங்கம் குறித்த தேதிக்கு ஒன்றரை வருடம் தள்ளி. நாற்பத்துமூன்று வருடம் ஒரே நாட்டில் இருந்தவளுக்கு ஒன்றரை வருடம் குறைந்தது.

அன்று தேநீர் வேளையில் கேட்டேன்.

"ஒரு துண்டுக் காகிதம்கூடவாக்கா இல்ல? ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊசி போட்ட அட்டை, ஏதாவது?"

"காகிதம் இல்ல. கேசட்டு ஒண்ணு இருந்துச்சு."

"என்ன கேசட்டு?"

"எங்கப்பா பேசினது. அந்தத் தேதிக்கு முன்னாடி மேடம் எடுத்த பேட்டி. எண்பத்தெட்டு."

எனக்கு முதலில் ஏறவில்லை. எண்பத்தெட்டு என்றால் எங்கள் கட்டடத்தில் தெரியாதவர்கள் இல்லை. கருத்தரங்கக் கூடத்தின் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பதினான்காவது கேள்விக்கு எண்பத்தெட்டு சொன்ன பதில்: "என் நாடுன்னு நான் சொல்றது இருக்கட்டும்மா. அது என்னைத் தன் ஆளுன்னு சொல்லணும்ல?" அதன் கீழே சிறிய எழுத்தில், 'எண் 88, சேவைத் தொழிலாளி, இரண்டு மகன்களின் தந்தை.' மேடம் நாற்பது மேடைகளில் இந்த ஒரு வரியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அந்தச் சட்டத்தின் கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைக்க வைப்பது நான். தினமும் அதன் அடியில் நடந்துதான் அக்கா கழிப்பறைக்குப் போகிறாள்.

"ரெண்டு மகன்கள்னுல்ல இருக்கு?"

"நான்தான் மாத்தினேன்" என்றாள்.

தேநீர் ஆறும்வரை சொன்னாள். சுரம் ஏறாமல் இறங்காமல், யாரோ பேசியதை எழுத்துப் பிழை பார்க்கப் படித்துக் காட்டுகிறவளாகச் சொன்னாள். மேடம் இளவயதில் தெருத் தெருவாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பேட்டி எடுத்திருந்தார். பிறகு அந்தக் கேசட்டுகள் பிஸ்கட் டப்பாக்களில் பதினைந்து வருடம் தூங்கின. ஆராய்ச்சியில் அவசரம் கூடாது அல்லவா? அதைத் தட்டச்சு செய்து புத்தகமாக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று மாதம் தகுதிகாண் காலம் என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரத்தில் எண்பத்தெட்டாவது கேசட்டைப் போட்டாள்.

"முதல்ல மேடம் குரல் வரும். தேதி, தெரு, வீட்டு நம்பர், பேரு எல்லாம் சொல்லுவாங்க. நான் அத எப்பவும் சரியா கவனிக்கிறதில்ல, எப்படியும் அழிக்கப்போறதுதானே. அப்புறம் இஸ்திரிப் பெட்டிய வைக்கிற சத்தம் கேட்டுச்சு. டக்குன்னு. திருப்பிப் போட்டேன். எங்க வீட்டு நம்பர்தான்."

"அப்புறம்?"

"அப்பா பேசினாரு. நடுவுல நான் வர்றேன். 'அப்பா, அந்த அக்கா எப்பப் போவாங்க?'ன்னு கேக்குறேன். 'இதோ போயிடுறேன் பாப்பா'ன்னு மேடம் சிரிக்கிறாங்க."

பேசுபவர் தெரிந்தவர் என்றால் அந்தப் பதிவை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். எங்கள் விதிகளில் முதல் விதி அதுதான். 'இவரை எனக்குத் தெரியாது' என்று ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வேறு யாரோ அவள் அப்பாவைக் காதில் மாட்டிக்கொள்வதை அவளால் பொறுக்க முடியவில்லை. தெரியாது என்று கையெழுத்துப் போட்டாள். மற்ற கேசட்டுக்கு ஒரு நாள் என்றால் அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு பயம் வந்துவிட்டது. ஒரே மகள், இஸ்திரி, தாயில்லாத வீடு என்றெல்லாம் இருந்தால் யாராவது கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று, தேவைக்கு மேலேயே கை வைத்தாள். இஸ்திரி சேவைத் தொழிலானது. ஒரே மகள் இரண்டு மகன்களானாள். 'அப்பா, அந்த அக்கா எப்பப் போவாங்க?' என்று அவள் கேட்டது (குறுக்கீடு) என்று ஆனது. கடைசியில் பட்டியலைக் கிழித்து, கேசட்டை அழித்தாள்.

"ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கலாமேக்கா?"

"அது விதிமீறல்."

"நீ அத டைப் பண்ணினதே விதிமீறல்தானே?"

"அதனாலதான் எடுக்கல."

"அழிக்கும்போது உனக்கு எப்படிக்கா இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் இல்ல. எண்பத்தொன்பது காத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் காலத்து வெற்றுத் தாள் இன்னும் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது, பழைய தட்டச்சு இயந்திரமும் கிடக்கிறது. அப்பா பேசியது ஒரு சொல் விடாமல் அவளுக்கு மனப்பாடம். மறுபடி உள்ளது உள்ளபடி தட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? பொய்யா எழுதப்போகிறோம், நடந்ததைத்தானே என்றேன்.

"ஒருதடவை கை வச்சதே போதும்" என்று கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

மேடத்திடம் இழுத்துக்கொண்டு போனது நான்தான். அக்கா நின்றுகொண்டே சொன்னாள். மேடம் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு முதலில் சொன்னது இதைத்தான்:

"தெரிஞ்ச ஆளுன்னா வேற ஒருத்தர்கிட்ட குடுத்திருக்கணும்ல?"

வீடு பற்றி எரியும்போது வாசலில் செருப்பை ஒழுங்காக விட்டீர்களா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்த வரி உங்கப்பா சொன்னதா?" என்றார். அக்கா தலையாட்டினாள். மேடம் மேசையிலிருந்த நாட்குறிப்பை இழுத்துத் திறந்தார். பிறகு, தானே வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. புத்தகம் எழுதியவரே வந்து சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

சரிபார்ப்பு அலுவலகத்தில் எங்களுக்கு முப்பத்தொன்றாவது சீட்டு. ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், நூலில் கட்டிய பேனா, மூச்சு முட்டும் கூட்டம். அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது, சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மேடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்க புத்தகம் எங்களுக்குப் பாடம் மேடம். எண்பத்தெட்டு சொன்னத நான் பரீட்சையில எழுதியிருக்கேன்."

நல்ல சகுனம் என்று அக்காவின் முழங்கையை இடித்தேன். மேடம் விவரத்தைச் சொல்லச் சொல்ல, அந்தப் பையனின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"ஆனா எண்பத்தெட்டுக்கு ரெண்டு பசங்கதானே மேடம்?"

"அது மாத்தி எழுதினது. அடையாளம் தெரியக் கூடாதுன்னு."

"யாரு மாத்தினது?"

மேடம் அக்காவைப் பார்த்தார். "நான்தான் சார்" என்றாள் அக்கா.

"ஒரிஜினல் பதிவு?"

"அழிச்சாச்சு சார்."

"அழிச்சது?"

"நான்தான்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "ஆவணத்த எழுதினதும் விண்ணப்பம் போட்டவங்க, மாத்தினதும் அவங்க, அழிச்சதும் அவங்க. இத நான் எப்படிம்மா ஆதாரம்னு எழுதுறது?" அவர் குரலில் வஞ்சகம் இல்லை. உண்மையாகவே வழி தேடினார். படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒரு பத்தியில் விரலை வைத்தார். "நேர்ல பார்த்த சாட்சி இருந்தாப் போதும். மேடம், அந்தத் தேதிக்கு முன்னாடி அந்த வீட்டுக்குப் போனேன், அங்க இவங்களக் குழந்தையாப் பார்த்தேன்னு நீங்க ஒரு வரி சொன்னாப் போதும். நான் முடிச்சு விட்டுடுறேன்."

ஒரு வரி. நாற்பது மேடைகளில் பேசிய வாய்க்கு ஒரு வரி பெரிதா? மேடம் அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா மடியில் கை வைத்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவளாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வீட்ல ஒரு குழந்தை இருந்துச்சு. குறுக்க பேசுச்சு. அது இந்த வீடுதானா, இவங்கதானான்னு என்னால சொல்ல முடியாது. எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் மேடம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சுத்தான் சொல்றேன். இருநூறு வீட்டுக்குப் போனேன். ஞாபகம் இல்ல."

அங்கேயே கத்தியிருப்பேன், அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். மேடம் கைப்பையைத் திறந்து திறந்து மூடியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். தவிக்கட்டும் என்றிருந்தது.

மேடம் காரில் ஏறச் சொன்னார். அக்கா பேருந்தில் வருகிறேன் என்றாள். இருவரும் பின் இருக்கையில் உட்கார்ந்தோம்.

"உனக்குக் கோபமே வரலியாக்கா?"

"அவங்களுக்கு ஞாபகம் இல்ல. அதுக்கு என்ன பண்ணுவாங்க?"

"ஒரு பொய் சொன்னா அரிச்சந்திரன் பட்டம் பறிபோயிடுமா?"

"இருபத்தாறு வருஷம் அவங்க குரலக் கேட்டிருக்கேன். அவங்களுக்குப் பொய் சொல்ல வராதுடி." பிறகு மூன்று நிறுத்தம் கழித்து, கேட்காமலே சொன்னாள்: "பல்லுக்கு ஊசி போட்டா ஒரு பக்கம் இருக்கா இல்லையான்னு தெரியாதுல்ல? அப்படித்தான் இருக்கு."

நாற்பது நாளில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அக்காவை நிரந்தரப் பணியிலிருந்து நீக்கி, ஆறு மாத ஒப்பந்தத்தில் வைக்கும் ஆணையைத் தட்டச்சு செய்ய வேண்டியவள் நான். செய்தேன். அதே மேசை, அதே நாற்காலி, வேலையும் அதேதான். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் காலையில் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வருவாள். அதற்கு என்ன விடுப்பு என்று பதிவேட்டில் எந்தக் கட்டமும் இல்லை. 'இதர' என்று எழுதுகிறேன். அவள் வந்து உட்கார்ந்து, பையை நாற்காலியின் முதுகில் மாட்டி, காதில் மாட்டிக்கொண்டு, முந்தின நாள் நிறுத்திய இடத்திலிருந்து தட்ட ஆரம்பிப்பாள். ஓர் அழுகை கிடையாது, ஒரு திட்டு கிடையாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து மேடம் எங்கள் அறைக்கு வந்தார். அவர் எங்கள் அறைக்கு வருவது வழக்கமில்லை, ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார். புதிய ஆராய்ச்சி தொடங்குகிறாராம். அந்தத் தேதியைத் தவறவிட்டவர்களைப் பற்றி. அக்காவைப் பேட்டி காண வேண்டும் என்றார்.

"மேடம், கொஞ்சமாவது" என்று நான் ஆரம்பித்தேன்.

"சரி மேடம்" என்றாள் அக்கா. "எப்ப வரட்டும்?"

இரண்டு மணி நேரம் பேசினார்கள். மறுநாள் மேடம் வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அடுத்த நாள் அக்கா, நகம் அளவு இருக்கும் பதிவு அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உறையின் மேல் 'எண் 1' என்று எழுதியிருந்தது.

"இத நான் டைப் பண்ணக் கூடாது. நீ பண்ணு."

"நானும் பண்ணக் கூடாதேக்கா. எனக்கு உன்னைத் தெரியுமே."

"தெரியாதுன்னு கையெழுத்துப் போடு. நான் போடல?"

சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். இவரை எனக்குத் தெரியாது என்ற படிவத்தில் கூசாமல் கையெழுத்துப் போட்டேன்.

அவளைக் காதில் மாட்டிக்கொண்டபோதுதான், எதிர் மேசையிலிருந்து கேட்கும் குரல் வேறு, காதுக்குள் பேசும் குரல் வேறு என்று தெரிந்தது. முதலில் மேடம், தேதி, இடம், அக்காவின் முழுப்பெயர் எல்லாம் சொன்னார். பிறகு கேள்விகள். குடும்பம்? "அம்மா இல்ல. அப்பா இஸ்திரி போடுவாரு. நான் ஒரே பொண்ணு." ஐந்தாவது கேள்வி, இந்த நாட்டில் உங்களுக்கு ஞாபகம் இருக்கும் முதல் விஷயம் எது என்பது. அக்கா சொன்னாள்:

"ஒரு அக்கா வீட்டுக்கு வந்தாங்க. தோள்ல சிவப்பு வார் வச்ச பை. மடியில ஒரு பெட்டி வச்சுக்கிட்டு அப்பாகிட்ட பேசிக்கிட்டே இருந்தாங்க. அவங்க போனாத்தான் அப்பா எனக்குச் சோறு போடுவாரு. எனக்கு ரொம்பப் பசி. எப்பப் போவாங்கன்னு கேட்டேன். இதோ போயிடுறேன் பாப்பான்னு சொன்னாங்க. ஆனா அதுக்கப்புறமும் ரொம்ப நேரம் இருந்தாங்க."

அதன் பிறகு சத்தமே இல்லை. கேள்வி கேட்பவர் பேசாமல் இருந்தால் அடைப்புக்குள் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. நான் போட்டேன். (மௌனம்) என்று தட்டும்போது எனக்குக் கண் மறைத்தது. இவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது, பையின் வார் என்ன நிறம் என்பது வரை. விண்ணப்பம் போட்டவள் தன்னைப் பற்றித் தானே சொன்னால் அது ஆதாரம் ஆகாது என்பதால், அந்த இரும்பு நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

பதினான்காவது கேள்வி வந்தது. இந்த நாட்டை உங்க நாடுன்னு சொல்லுவீங்களா? கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி. அப்புறம் அக்காவின் குரல் வந்தது: "அடுத்தது கேளுங்க மேடம்."

இருபதும் முடிந்த பிறகு மேடத்தின் குரல் வேறு மாதிரி இருந்தது. "அன்னிக்கு அந்த ஆபீஸ்ல நான்" என்று தொடங்கினார்.

"டேப் ஓடுது மேடம்" என்றாள் அக்கா.

பதிவு அங்கே முடிந்தது. அதற்கு மேல் அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அக்கா சொல்ல மாட்டாள்.

மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றினேன். பல்கலைக்கழகத்தைத் துணிக்கடையாக்கினேன். தட்டச்சுக்காரியைத் தையல்காரியாக்கினேன். பையின் வாரைப் பச்சையாக்கினேன். 'நான் ஒரே பொண்ணு' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மூன்று தங்கைகளைப் போடலாம், ஓர் அண்ணனைப் போடலாம், விதியில் இடம் இருக்கிறது. நான் தொடவில்லை. அச்சேறும்போது அங்கேயாவது அந்த மனிதருக்கு ஒரு மகள் இருக்கட்டும்.

தாள்களை மேடத்தின் மேசையில் வைத்தேன். பதிவை அழித்தாயிற்று என்று இன்னொரு படிவம் உண்டு, அதிலும் கையெழுத்துப் போட்டேன். அந்த அட்டை என் வீட்டுப் பீரோவில், ரேஷன் அட்டைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில், ஓர் உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல் அவளுடைய முழுப்பெயரையும் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கீழே என் பெயரையும் எழுதியிருக்கிறேன். அவர்கள் இன்னொரு தேதியைக் குறிப்பார்கள். குறிக்காமல் இருக்க மாட்டார்கள். அப்போது அவள் இங்கே இருந்தாள் என்று காட்ட அது ஒன்றாவது இருக்கும்.

ரப்பர் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வாங்கி அழித்துவிடுவாள்.